கேம்ப் அடுப்புக்கு விறகு பிளக்க எந்தக் கத்தி, எப்படிப் பிளப்பது

கேம்ப் போகும்போது விறகு பிளக்க எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம், எந்தப் பக்கம் போகிறீர்கள், எந்த விறகை எரிக்கப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். வெளிநாட்டு வீடியோக்களில் அவர்கள் பிளப்பது பைன், பிர்ச் மாதிரி நேராக வளர்ந்த மரங்கள். கத்தியை வைத்து, அதன் முதுகில் ஒரு கட்டையால் ரெண்டு தட்டு தட்டினால் வெள்ளரிக்காய் மாதிரி போய்விடும். நம்ம பக்கம் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று எந்தக் கொறங்காட்டில் (வேலி போட்டு மேய்ச்சலுக்கு விட்ட வறண்ட நிலத்தில்) கூடாரம் போட்டாலும் கைக்குக் கிடைப்பது வெள்வேலும் சீமைக்கருவேலும்தான். முறுக்கும் கணுவுமாகக் காய்ந்து கிடக்கிற வேலங்கட்டையில் அந்த வீடியோவை நம்பிக் கத்தியை இறக்கினால், கட்டைக்கு முன்னால் கத்தி போய்விடும். எனக்கு அப்படித்தான் ஒன்று போனது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சந்தையில் ரம்பப் பிளேடில் செய்த கத்தி ஒன்று வாங்கினேன். லேத் பட்டறைகளில் இரும்பு அறுக்கிற பவர் ஹேக்சா பிளேடு தேய்ந்த பிறகு, அதைக் கிரைண்டரில் பிடித்துக் கத்தியாக்கி மரப்பிடி போட்டு விற்பார்கள். வெங்காயம் நறுக்க, தேங்காய் நார் உரிக்க அருமையான கத்தி, கூர் மாசக்கணக்கில் நிற்கும். அமராவதிக் கரையில் ஒரு தென்னந்தோப்பில் தங்கியிருந்தபோது அதை ஒரு வேலங்கட்டையில் வைத்துத் தட்டினேன். மூணாவது தட்டில் கணுவில் போய் மாட்டியது, நாலாவது தட்டில் கண்ணாடி உடைகிற சத்தத்தோடு ரெண்டாகப் போனது. முனைத் துண்டு தெறித்து, எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. நானே கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். அந்தப் பிளேடு இரும்பை அறுப்பதற்காக உள்வரைக்கும் கெட்டியாக்கப்பட்டது, வளையத் தெரியாது, அடி விழுந்தால் உடையத்தான் தெரியும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு அதை யோசிக்கவில்லை. அன்றிலிருந்து விறகுக் கத்தி என்றால் கூர் எவ்வளவு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அடி தாங்குமா என்றுதான் பார்க்கிறேன்.

சரி, விறகை எதற்குப் பிளக்க வேண்டும்? ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி பூரா மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் ஒரு கட்டையை எடுத்துப் பாருங்கள். பட்டை ஊறிப்போய் இருக்கும், பிளந்தால் உள்ளே சாம்பல் மாதிரி காய்ந்திருக்கும். அந்த உள்மரம்தான் நமக்கு வேண்டும். அதோடு, உருண்டைக் குச்சியில் தீ பிடிக்க நேரமாகும், பிளந்த சிராயின் ஓரத்தில் சட்டென்று பற்றும். கத்தியின் வேலை இவ்வளவுதான்: மணிக்கட்டுத் தண்டிக் கட்டையைக் கட்டைவிரல் தண்டிக்கும், கட்டைவிரல் தண்டியை சுண்டுவிரல் தண்டிக்கும் கொண்டுவருவது. அதைவிடப் பருமனான கட்டைக்குக் கோடாலி இருக்கிறது.

கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது பிடியைத்தான். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஒரே பட்டையாக ஓட வேண்டும். பிடியின் மேல் ஓரத்தைப் பார்த்தால், ரெண்டு மரத்துண்டுக்கு நடுவே இரும்பு கோடு போட்ட மாதிரி கடைசிவரை தெரிய வேண்டும், ரிவிட் ரெண்டு மூணு அடித்திருக்க வேண்டும். சந்தைக் கத்திகளில் பாதிக்கு மேல் இப்படி இருக்காது. ஒல்லியான வால் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கி, வாயில் ஒரு பூண் மாட்டியிருப்பார்கள். வெட்டுவதற்கு அது போதும், தலைமுறை தலைமுறையாக அதில்தான் வெட்டுகிறோம். ஆனால் கத்தியின் முதுகில் தட்டும்போது ஒவ்வொரு தட்டும் அந்த வாலை ஆட்டும். ரெண்டு நாளில் பிடி லொடலொடக்கும், அப்புறம் ஒரு நாள் அலகு தனியாகக் கழன்று வரும்.

அடுத்தது அளவு. அலகு அஞ்சு முதல் ஆறு அங்குலம், முதுகு நாலு மில்லி தடிமன். முதுகு மூணு மில்லிக்குக் கீழே போனால் கட்டைக்குள் வளையும், ஆறு மில்லி போனால் அது கத்தியாக இருக்காது, வெங்காயம் நறுக்கினால் வெங்காயம் உடையும். நீளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிளக்கிற கட்டையின் பருமனைவிட அலகு ஒன்றரை அங்குலமாவது வெளியே நீண்டிருக்க வேண்டும், ஏனென்றால் கத்தி உள்ளே இறங்கிய பிறகு தட்டுவதற்கு அந்த நுனிதான் மிச்சம் இருக்கும். அஞ்சு அங்குலக் கத்தி என்றால் மூணு அங்குலக் கட்டைக்கு மேல் ஆசைப்படக் கூடாது. முதுகு தட்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். ரம்பப்பல் வெட்டிய முதுகு பார்க்க மிரட்டலாக இருக்கும், தட்டுகிற கட்டையைத் தின்றுவிடும். மடக்குக் கத்தி வேண்டவே வேண்டாம், அதன் பூட்டு இந்த அடிக்குச் செய்ததல்ல, உடைந்தால் அலகு உங்கள் விரல் மேலேயே மடங்கும்.

இரும்பு விஷயத்துக்கு வந்தால், என் கையில் இப்போது இருப்பது லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி. பட்டறைக்காரர்கள் ஈஎன் 45 என்று சொல்கிற இரும்பு அது. பள்ளத்திலும் மேட்டிலும் விழுந்து எழுந்து வளைந்து நிமிர்வதற்கே செய்தது என்பதால் தட்டு தாங்கும். தெரிந்த ஆசாரி ஒருவரிடம் பழைய பட்டைத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, "ஏனுங்கண்ணா, நல்லா வெறைப்பா வேணுங்க, விறகு பொளக்கோணும்" என்றேன். அவர் பட்டையை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "வெறைப்பு ஜாஸ்தி வெச்சா வாய் உதுருமுங் தம்பி, கொஞ்சம் எளக்கமா விடறேன், கூர் போனா நீங்க தீட்டிக்குங்க, வாய் போனா நாந்தானுங்க மறுக்கா அடிக்கோணும்" என்றார். வாய் என்றால் அலகின் வெட்டுகிற ஓரம். அடித்த அலகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து எடுத்தார். அப்புறம் ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மெதுவாகச் சூடு காட்டினார். பளபளப்பில் வைக்கோல் நிறம் வந்து, அது பழுப்பாகத் திரும்புகிற நேரத்தில் நிறுத்தினார். அந்த நிறம் மாறுகிற சில நொடியில்தான் கத்தியின் ஆயுசு இருக்கிறது. இரும்பின் கெட்டியை அளக்கிற ஹார்ட்னெஸ் மீட்டரில் 56, 57 ராக்வெல் என்று வருகிற கத்தி இந்த வேலைக்குச் சரி, 60-க்கு மேலே போனால் சமையலுக்கு நல்லது, விறகுக்கு வேண்டாம். நொய்யல் கரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கொடுமணலில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இரும்பை உருக்கி எஃகு செய்திருக்கிறார்கள், அகழாய்வில் உலைகள் கிடைத்திருக்கின்றன. அந்த மண்ணில் இருந்துகொண்டு நல்ல கத்திக்கு எங்கேயோ தேடிப்போக வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆசாரி கிடைக்காதவர்கள் கடையில் வாங்கலாம். ஸ்வீடன் மோரா கம்பெனியின் கம்பேனியன் கத்தியைப் பலர் வைத்திருக்கிறார்கள். கூர் நன்றாக இருக்கும், எடையே தெரியாது. ஆனால் அதன் இரும்பு பிடியின் கடைசி வரை போகாது, முதுகும் மெலிசு. சுண்டுவிரல் தண்டிக் குச்சியைச் சீவ, சுருள் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள், வேலங்கட்டையில் தட்டாதீர்கள். கார்பன் ஸ்டீலா ஸ்டெயின்லெஸ்ஸா என்றால், வால்பாறை மாதிரி எந்நேரமும் ஈரமாக இருக்கிற இடத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் எடுக்கலாம். மற்றவர்களுக்கு கார்பன் போதும். மாங்காய் நறுக்கிய அருவாமனை மாதிரி கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, சிவப்பாகப் பூத்தால்தான் துரு.

வீட்டில் கொடுவாள் இருக்கிறதே, அது ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும், ஆனால் வேறு விதமாக. கொடுவாளின் மூக்கு வளைந்திருப்பதால் முதுகில் தட்டிப் பிளக்க முடியாது, வளைவு கட்டைக்குள் கொக்கி மாதிரி மாட்டும். அதற்கு எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) செய்கிற முறை இருக்கிறது. கொடுவாளின் வாயைக் கட்டையின் தலையில் லேசாகக் கொத்தி மாட்டுவார், கட்டையும் கொடுவாளும் ஒட்டிக்கொண்டே மேலே வரும், ரெண்டையும் சேர்த்து அடிக்கட்டை மேல் ஒரு போடு போடுவார். கை எங்கேயும் வாய்க்கு நேராக வராது. சிராய் எடுக்க இதைவிடப் பத்திரமான முறையை நான் பார்த்ததில்லை. காரில் போகிறீர்கள் என்றால் கொடுவாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகிற விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகு ஆயுதக் கணக்கில் வருகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வையுங்கள்.

காப்புக்காட்டில் இதில் எதையும் செய்யக் கூடாது. சத்தியமங்கலம், ஆனைமலை ரெண்டும் புலிகள் காப்பகம், அங்கே விறகு பொறுக்குவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் நம்ம ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள், அதை மறக்கக் கூடாது. நான் எழுதுவதெல்லாம் சொந்தக்காரர் தோட்டம், தோப்பு, அனுமதி வாங்கிய எஸ்டேட் இடங்களுக்கு. அங்கேயும் பட்ட மரம், கீழே விழுந்த கிளை மட்டும்தான், அதுவும் கேட்டுவிட்டு. கிளுவை வேலியில் கை வைக்காதீர்கள். பட்ட மாதிரி தெரியும், மழை பெய்தால் தளிர்க்கும், அது ஒருத்தர் வருஷக்கணக்கில் வளர்த்த வேலி.

இனி விறகு. கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை என்று மேலே போனால் சில்வர் ஓக் கிடைக்கும், நேர் நார், கத்திக்குச் சொன்னபடி கேட்கும். பழகுகிறவர்கள் அதில் ஆரம்பியுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பில் தங்கினால் பாதி வேலை மிச்சம், காய்ந்த மட்டையும் பாளையும் நீளவாக்கில் பிளந்து வரும், பற்றவைக்கப் பன்னாடை இருக்கிறது. கொறங்காட்டில் வேலங்கட்டைதான் என்றால், கிளை பிரியாத, நேரான, ரெண்டு அங்குலத் தண்டித் துண்டுகளாகத் தேடுங்கள், நீளம் ஒன்றரைச் சாண் போதும். ரெண்டு கணுவுக்கு நடுவில் அறுத்து எடுத்தால் உத்தமம், அதற்கு ஒரு மடக்கு ரம்பம் பையில் இருப்பது கத்தியைவிட உபயோகம். வேம்பும் புளியும் பிளக்க முயற்சிக்காதீர்கள், நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கறிக்கடையில் புளியங்கட்டையை வைத்திருப்பதே எத்தனை வெட்டு விழுந்தாலும் அது பிளக்காது என்பதால்தான். அதனால் அடியில் வைக்கிற கட்டைக்கும் தட்டுகிற கட்டைக்கும் அவற்றை எடுங்கள். அரளியை மட்டும் அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள், அதன் புகையே விஷம்.

பிளக்கிற முறை. தரையில் புளியங்கட்டையோ வேறு தட்டையான மரமோ அடியில் போடுங்கள், பாறை மேல் வைக்கவே கூடாது, கடைசித் தட்டில் கத்தி கீழே இறங்கும்போது வாய் கல்லில் மோதும். முட்டி போட்டு உட்காருங்கள், கால் ரெண்டும் கட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டும், கட்டையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். தொடையின் உள்பக்கம் ஓடுவது பெரிய ரத்தக்குழாய், அங்கே வெட்டு விழுந்தால் காட்டில் இருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் இருக்காது. விறகை நிற்க வைத்து, அதன் தலையைப் பாருங்கள். காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். கட்டை எங்கே பிளக்கத் தயாராக இருக்கிறது என்று அதுவே காட்டுகிறது, கத்தியின் வாயை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். கணு இருந்தால் கணு இருக்கிற முனை கீழே இருக்கட்டும், கோடு கணுவைத் தொடாமல் ஒதுங்கிப் போகட்டும்.

அலகில் பிடியை ஒட்டிய பகுதி கட்டைக்குப் பக்கத்தில், நுனி அந்தப் பக்கம் வெளியே. தட்டுகட்டையால் முதுகின் நடுவில் மெதுவாக ரெண்டு தட்டு, கத்தி தானாக நிற்கிற அளவுக்கு. அப்புறம் கொஞ்சம் பலமாக. முதுகு கட்டைக்குள் மறைந்ததும் வெளியே நீட்டியிருக்கிற நுனியில் தட்டுங்கள், அதே நேரம் பிடியைப் பிடித்த கை கீழே அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கை சும்மா இருந்தால் நுனி மட்டும் இறங்கும், பிடி மேலே தூக்கும், அலகு கோணலாகி அங்கேதான் உடையும். சத்தத்தைக் கேளுங்கள். நன்றாகப் போகும்போது 'டொக் டொக்' என்பது ஒவ்வொரு தட்டுக்கும் கனம் குறைந்துகொண்டே வரும், கடைசியில் கட்டை 'சர்ர்' என்று தன்னால் விடும். நாலு தட்டு தட்டியும் சத்தம் அப்படியே இருந்தால், கத்தி ஒரு நூல்கூட இறங்கவில்லை என்று அர்த்தம். நிறுத்திவிட்டு வேறு கட்டை எடுங்கள். இதில் வீம்பு பிடிக்கிறவர்கள்தான் கத்தியை உடைக்கிறார்கள். கல்லாலோ சுத்தியலாலோ கோடாலிப் பின்பக்கத்தாலோ தட்டாதீர்கள், இரும்பு மேல் இரும்போ கல்லோ விழுந்தால் துணுக்கு தெறித்துக் கண்ணுக்குப் போகும்.

கத்தி பாதியில் மாட்டிக்கொண்டால் பிடியை இடது வலது என்று முறுக்காதீர்கள். ஒரு காய்ந்த குச்சியைச் சீவி ஆப்பு செய்து, வெடிப்பில் கத்திக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டுங்கள், வெடிப்பு அகன்றதும் கத்தி கழன்று வரும். வெடிப்புக்குள் விரலை விட்டு இழுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், ஆப்பசைத்த குரங்கின் கதை எல்லோருக்கும் தெரியும். கத்தி வெளியே வந்த நொடியில் மரம் மூடிக்கொள்ளும்.

எதிரே யாரும் உட்காரக் கூடாது, பிள்ளைகள் பத்தடி தள்ளி. இருட்டு விழுவதற்கு முன் பிளந்து முடித்துவிடுங்கள், டார்ச் வெளிச்சத்தில் கட்டையின் கோடு தெரியாது. குடித்திருந்தால் கத்தி உறையிலேயே இருக்கட்டும். நாலு பேருக்குச் சோறும் ரசமும் வைக்க, சுண்டுவிரல் தண்டி ரெண்டு கைப்பிடி, கட்டைவிரல் தண்டி இருபது, மணிக்கட்டுத் தண்டிக் கட்டையைப் பிளந்த துண்டு பத்து இருந்தால் தாராளம். தட்டு ஆரம்பிக்கும் முன் எண்ணிக்கொள்ளுங்கள், தேவைக்கு மேல் பிளப்பதில்தான் கை சோர்ந்து வெட்டு விழுகிறது.

தீட்டுவது பெரிய வித்தை இல்லை. விறகுக் கத்திக்குச் சவரக் கூர் வேண்டாம், பக்கத்துக்கு 20 டிகிரி, அதாவது கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஆள்காட்டி விரல் தண்டிக்குத் தூக்கிப் பிடித்து, ரெண்டு பக்கமும் சமமாகப் பத்துப் பத்துத் தரம். கல்லில் தண்ணீர் இருக்கட்டும். கடையில் மோட்டார் சாணையில் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள், வாயில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் (தோய்த்து ஏற்றிய கெட்டி) போய்விட்டது, அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

ஆடி மாசம் மட்டும் கொறங்காட்டில் திறந்த தீயே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் எப்படி வீசும் என்று அங்கே நிற்கிற காற்றாலைக் காத்தாடிகளே சொல்லும். ஒரு பொறி போதும், காய்ந்த கொழுக்கட்டைப்புல் நிமிஷத்தில் பற்றும், அந்தப் புல்தான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வருஷத் தீவனம். மற்ற மாசங்களிலும் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, சுற்றி நாலடிக்குப் புல்லைச் செதுக்கிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் தீக்குச்சி. சீமைக்கருவேலக் கங்கு மேலே சாம்பல் மூடி அவிந்த மாதிரி தெரியும், உள்ளே விடிகாலை வரைக்கும் உயிரோடு இருக்கும். கரி போடுவதற்கு அந்த மரத்தைத் தேடுவதே அதனால்தான். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரியாத வரைக்கும் கிளம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் காயவைத்து, ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி வையுங்கள். தோல் உறைக்குள் மாசக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறையைத் தனியாக ஆணியில் மாட்டிவிடுங்கள்.